இருபத்தெட்டடி அகலத்தில் ஒரு வேண்டாம்

என் அம்மா ராமாமணி, தன் கல்யாணம் தனக்கு வேண்டாம் என்பதை இருபத்தெட்டடி அகலத்தில், பத்தடி உயரத்தில் சொன்னவள். ஊரே அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, படம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே பந்திக்குப் போனது.

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

நாங்கள் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம். வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு, பாதி கோயமுத்தூர்த் தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். என் தாத்தா சுந்தரராஜுலு ஒரு நூல் மில்லில் மேனேஜராக இருந்தவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அம்மா, ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவர் என் மாமா கோபாலசாமி. அந்தப் பிரசவத்திலேயே அவர்களைப் பெற்றவள் போய்விட்டாள். செத்துப்போனவளுக்கு ஒரு தம்பி இருந்தார். பெயர் வெங்கடபதி. அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் அந்த வீட்டோடு வந்து தங்கினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, அம்மாவுக்கு ஏழு.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. அக்காவுக்குப் பெண் பிறந்தால் தம்பி ஒரு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்து குழந்தையின் இடுப்பில் கட்டுவான். கட்டிவிட்டால் பெண் அவனுக்கு. அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அம்மா பிறந்தபோது பன்னிரண்டு வயது வெங்கடபதி கட்டினார். அவர்தான் என் அப்பா. நான் பிறந்தபோது அதே பன்னிரண்டு வயதில் கோபாலசாமி மாமா எனக்குக் கட்டினார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வெங்கடபதி கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு, அதில் அவளை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர் அவர். காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டவர். தலையில் பேன் பார்த்தவர். அம்மா அவரை மாமா என்று கூப்பிட்டாலும் மனசில் அவருக்குக் கொடுத்த இடம் வேறு. அந்த மனுஷனோடு ஒரு பாயில் படுக்கவேண்டும் என்பது அவளுக்குப் பதினாறு வயதில்தான் உறைத்திருக்கிறது. உறைத்து என்ன செய்ய? சம்மதமா என்று யாராவது கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும்? அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அம்மா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். தமிழில் அவள்தான் வகுப்பில் முதல். தமிழ் டீச்சர் கொடுத்த பழம்பாட்டுப் புத்தகங்களை உரையோடு வைத்துக்கொண்டு படித்தவள். வீட்டில் மற்றவர்களுக்கு மில் நோட்டீஸைப் படிக்கும் அளவுக்குத்தான் தமிழ்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் எங்கள் ஜனம் கணபதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டி முடித்தது. தாத்தா அதற்குச் செக்ரட்டரி. முதல் கல்யாணம் தன் மகளுடையது என்று அவர் வைகாசியில் நாள் பார்த்துவிட்டார். மேடைக்குப் பின்சுவர் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அங்கே சீதா கல்யாணம் வரையலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. அர்ச்சகர் குறுக்கே விழுந்தார். மணமக்கள் உட்காருவது சுவருக்கு முதுகைக் காட்டித்தானே, சாமிக்கு முதுகைக் காட்டித் தாலி கட்டலாமா என்று கேட்டார். கமிட்டி திகைத்துப் போயிற்று. சாமி இல்லாத படமாக, அதே சமயம் கல்யாணத்துக்குப் பொருத்தமாக ஒன்று வேண்டும். அப்போது எங்கு பார்த்தாலும் தமிழ், தமிழ் என்று பேச்சு. பழைய தமிழ்ப்பாட்டிலிருந்து காதல் காட்சி ஒன்றைப் போட்டால் நாலு பேர் மெச்சுவார்கள் என்று யாரோ சொல்ல, தாத்தா நேராக வீட்டுக்கு வந்தார்.

"ராமா, நீதான் தமிழ் படிச்சவ. பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து போற மாதிரி பழைய பாட்டு ஏதாச்சும் இருக்கா கண்ணு?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க நாயனா," என்றாள் அம்மா.

ஒரு முழுத் தாளில் அவளே எழுதிக் கொடுத்தாள். பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு பெண் தான் விரும்பியவனோடு வீட்டை விட்டுப் போகிறாள். வழியெல்லாம் வெயிலில் காய்ந்த காடு. விடிந்து பார்த்த தாய், வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டி அழைக்கிறாள். மகள் திரும்பவில்லை. பழம்பாட்டில் உடன்போக்கு என்று நூறு இடத்தில் வருகிற விஷயம்தான். தாத்தா தாளை வாங்கி இரண்டு வரி பார்த்தார். நல்ல செந்தமிழாக இருந்தது. திருப்தியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாவின் கணக்கு இதுதான். வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லும். அவ்வளவு பெரிய படத்தில், வீட்டை விட்டு ஓடும் பெண்ணைத் தன் மகளே ஏன் கேட்டு வரையச் சொன்னாள் என்று நாயனா ஒரு நிமிஷமாவது யோசிப்பார். யோசித்தால் கேட்பார். கேட்டால் சொல்லிவிடலாம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வழி தெரியும்?

படம் வரைய வந்தவர் கோட்டைமேட்டு அப்துல் வஹீது. சினிமா ஸ்டுடியோவில் செட்டுக்குப் பின்னால் மலையும் வானமும் வரைந்துகொண்டிருந்தவர். ஸ்டுடியோவில் வேலை குறைந்துபோய்க் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தார். மில்லிலிருந்து நாலு பீஸ் காடாத்துணி வந்தது. அதை ஒட்டுப்போட்டுத் தைத்து, சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, மண்டபத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பித்தார். சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார். தாத்தா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அம்மா கதவோரம் நின்று பதில் சொல்வாள்.

மூன்றாவது முறை வந்தபோது தாத்தா போனை எடுக்க உள்ளே போயிருந்தார். வஹீது பாய் தாளைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மணி, இது ஓடிப்போற புள்ளைங்களா?"

"ஆமாங்க பாய்."

"உங்க நாயனாவுக்குத் தெரியுங்களா?"

"படத்தைப் பாத்தாத் தெரிஞ்சுக்குவாருங்க."

பாய் சற்று நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றாராம். "வாயில சொல்றதுதான் நல்லதுங்கம்மணி. படத்துல அவங்கவங்களுக்கு வேணுங்கறதைத்தான் பாப்பாங்க. நான் வரைஞ்ச ஒரே மலையை ஸ்டுடியோவுல ஒரு படத்துக்குக் கைலாசம்னாங்க, இன்னொரு படத்துக்குப் பழனின்னாங்க. ரெண்டுக்கும் சனங்க கும்புட்டாங்க," என்றார்.

"எனக்கு வாயில வராதுங்க பாய். நீங்க நல்லாத் தெரியற மாதிரி போட்டுடுங்க."

"செரிங்க. அந்தப் பையன் மூஞ்சி எப்படிப் போடட்டும்?"

அம்மா யோசித்தாள். "மூஞ்சி வேண்டாமுங்க. முதுகைக் காட்டி நடந்து போகட்டும்," என்றாள்.

பாய் சொன்னபடியே நல்லாத் தெரியற மாதிரி போட்டார். வைகாசி பிறக்குமுன் படம் சுவரில் ஏறியது. பெண் முழு ஆள் உயரத்துக்கு மேலே. கழுத்தில் பாசிமணி தவிர ஒன்றுமில்லை. முதுகைக் காட்டி நடக்கும் ஆண். பட்டுப்போன மரம், அதன்மேல் பருந்து. வெள்ளையாகக் காய்ந்த பாதை ஒன்று படத்தின் நடுவில் தொடங்கி வலது ஓரம் வரை ஓடியது. இடது கோடியில் சின்ன வீடு, வாசலில் கைநீட்டி நிற்கும் தாய். கமிட்டி வந்து வரிசையாக நின்று பார்த்தது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக்குப் போகிறாள், அம்மாக்காரி கண்ணீரோடு வழியனுப்புகிறாள் என்று தாத்தாவே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்குப் பாசிமணியும் தாலி மாதிரிதான் தெரிந்தது. "என்னமா தத்ரூபமா இருக்குது" என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவேயில்லை.

அந்தப் படத்தின் கீழேயே அவளுக்குத் தாலி ஏறியது. மேளச்சத்தம் அடங்கியதும் வாழ்த்துரை. கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரைக் கௌரவத்துக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மைக் முன்னால் வந்தார், படத்தைப் பார்த்தார், பூரித்துப் போனார். ஊருக்கும் உறவுக்கும் சொல்லாமல் உள்ளம் கவர்ந்தவனோடு வெளியேறிய பெண்ணைக் கல்யாண மேடையிலேயே நிறுத்திய பரந்த மனம் யாருக்கு வரும், இந்தப் பழம்பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் மணமகளே என்று அறிந்தேன் என்று விளாசினார். வாசலில் கட்டியிருந்த குழாய் வழியாக அது தெருவெல்லாம் கேட்டது. அந்த ஆள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த வெங்கடபதி மாலையோடு முழுசாகத் திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் கடைசியில் படத்தைப் படித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட முடியாது. தப்பாகப் படித்தார்கள். பெண் ஓடுகிறாள் என்றால் யாரோடு ஓடுகிறாள் என்றுதான் அவர்கள் புத்தி போயிற்று. முதுகைக் காட்டி நிற்கிறானே, அவன் யார்? எந்தத் தெரு? தமிழ் டீச்சரின் தம்பியா, எதிர்வீட்டு ரேடியோக் கடைக்காரனா? வஹீது பாய்க்கு நரைத்த தாடி இருந்ததால் தப்பித்தார். இல்லாத ஒருவனை ஊரெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை என்றதும், கெட்டிக்காரியாக மறைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள்.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தமிழ்ப் புத்தகம் கிடையாது. டீச்சர் வீட்டுக்குப் போவது நின்றது. அப்பா கணபதியில் பம்ப் வார்க்கும் பட்டறை வைத்து, அதற்குப் பின்னாலேயே வீடு கட்டிக் குடிவைத்தார். அந்த வீட்டுக்குத் தனி வாசல் இல்லை. வெளியே போகவேண்டுமானால் உலைக்கும் லேத் மிஷினுக்கும் நடுவே, பன்னிரண்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட, தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டும். "என்னங்கம்மா, எங்கீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அம்மா கடைகண்ணிக்குப் போவதை விட்டாள். லேத் சத்தம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயந்தரம்தான் நிற்கும். அந்தச் சத்தத்தில் நானும் அவளும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத்தான் பேசிக்கொள்வோம்.

அவள் வெளியே போன ஒரே இடம் அந்த மண்டபம். செக்ரட்டரியின் மகள், பிறகு அப்பாவே செக்ரட்டரி ஆனதும் செக்ரட்டரியின் பெண்சாதி. முகூர்த்தம் தவறாமல் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கவேண்டும், சந்தனம் கொடுக்கவேண்டும். நிமிர்ந்தால் எதிரே படம்.

படத்தையும் சும்மா விட்டார்களா? கல்யாணம் முடிந்த மறுநாளே வஹீது பாயைக் கூப்பிட்டுப் பெண்ணின் கழுத்தில் பாசிமணியை அழித்து, மஞ்சள் சரட்டில் தாலி போடச் சொன்னார்கள். நகை விஷயம் பொம்பளை சொன்னால்தான் சரியாக வரும் என்று அம்மாவையே பக்கத்தில் நிற்கவைத்தார்கள். பாய் ஏணியில் ஏறி நின்று, "தாலிக்கு ரெண்டு குண்டா, நாலு குண்டாங்க அம்மணி?" என்று கேட்டாராம். "ரெண்டு போதுங்க பாய்" என்றாளாம் அம்மா. தன் கழுத்தில் முந்தின நாள் ஏறியதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஐம்பத்து நாலில் கைநீட்டி அழைத்த தாயின் கையில் ஆரத்தித் தட்டு வந்தது. ஐம்பத்தேழில் பவானிப் பக்கத்துச் சம்பந்திகள், மணப்பெண் தலைக்குமேல் பட்ட மரம் நிற்கலாமா என்று முகம் சுளிக்க, அது குலை தள்ளிய வாழையாயிற்று. பருந்து கிளியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பாய் டப்பாக்களோடு வருவார். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். "என்ன பண்ணட்டுங்கம்மணி, சொல்றாங்க," என்பார். அம்மா அவருக்கு மோர் கொடுப்பாள்.

அறுபத்திரண்டில் முகம் வந்தது. மாப்பிள்ளை முதுகைக் காட்டி நிற்பது அவமரியாதை என்று கமிட்டி சொன்னது. யார் முகம் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, போட்டோவுக்குக்கூட நிற்கக் கூச்சப்படுகிற என் அப்பா, "நானே நிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் ஆச்சரியம். மூன்று நாள் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, மணக்க மணக்கச் சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டையில் மேடையேறி நின்றார். எனக்கு அப்போது பத்து வயது. பிளாஸ்கில் காப்பி கொண்டுபோனேன்.

"சித்தெ அந்தப் புள்ளையப் பாருங்க மொதலாளி. ஆசையாப் பாக்கற மாதிரி," என்றார் பாய்.

அப்பா படத்துப் பெண்ணைப் பார்த்தார். ஏதோ ரிப்பேருக்கு வந்த மோட்டாரைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. "எப்படிங்க பாய் பாக்கறது?" என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "சிரிக்காதே கண்ணு," என்றார். அந்த முகத்தில் கிண்டலுக்கு இடமில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இப்படியாக, அம்மா வீட்டை விட்டு ஓடுவதற்குக்கூட அப்பாவோடுதான் போகவேண்டியதாயிற்று. அவள் அதை நின்று பார்த்தாள். மீசை நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் பாயிடம் சொன்னாள்.

அறுபத்தைந்தில் கடைசி வேலை. பாதை எங்கேயோ வெட்டவெளியில் போய் முடிகிறது, கல்யாணப் படத்தில் அது நல்லதில்லை என்றார்கள். வலது ஓரத்தில் மாவிலை கட்டிய ஒரு நிலைவாசலும், இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவரும் எழுப்பச் சொன்னார்கள். பாய்க்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்த வயது. முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "ரோடும் போச்சுங்கம்மணி," என்றார். அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் பாய் காலமாகிவிட்டார்.

இனி என் கதை. அறுபத்தொன்பதில் நான் பி.யூ.சி. முடித்தேன். ரிசல்ட் வந்த வாரமே தாத்தா, எனக்கும் கோபாலசாமி மாமாவுக்கும் தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டார். மாமாவுக்கு இருபத்தொன்பது வயது. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். நல்ல மனுஷர். என் மூக்கைச் சிந்திவிட்டவர். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஐஸ் வாங்கிக் கொடுத்தவர். அவரை நினைத்தாலே எனக்கு அந்த ஐஸ்தான் ஞாபகம் வந்தது. அந்த மனுஷர் மாலையோடு பக்கத்தில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாமாவும் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரி என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதருகே போய், "எனக்கு வேண்டாம்மா," என்றேன்.

முறம் நின்றது. எந்த அம்மாவும் கேட்கிற கேள்வியை, எவனாவது இருக்கிறானா என்பதை, அவள் கேட்கவில்லை. "வேண்டாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"செரி," என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புடவை எடுத்தார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அம்மாதான் கூட்டிப்போனாள். பட்டறையைக் கடந்தபோது ஆட்கள் ஒதுங்கி நின்று, "கல்யாணக் களை வந்துருச்சுங்க" என்றார்கள். அம்மாவும் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளை அந்தப் பதினைந்து நாள் நான் வெறுத்தேன். பிளசர் காரில் மண்டபத்துக்குப் போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன்.

மேடையில் ஜமக்காளம் விரித்துத் தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். படத்தின் கீழே என்னை உட்கார வைத்தார்கள். எழுபது வயதுத் தாத்தா தட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கக் கையை நீட்டினார். அம்மா பன்னீர்ச் சொம்போடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"வேண்டாமுங்க நாயனா," என்றாள்.

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் மண்டபத்தில் லேத் இல்லையே. எல்லோருக்கும் கேட்டது.

"என்ன கண்ணு வேண்டாம்?"

"பங்காருக்குக் கோபாலு வேண்டாமுங்க." பங்காரு நான்தான்.

தாத்தாவுக்குக் கோபம்கூட வரவில்லை, அவருக்கு விளங்கவில்லை. "உன்ற தம்பிதானே அம்மணி? காலம் காலமா நம்ம ஊட்டுல இப்படித்தானே நடக்குது. உனக்கு நடக்கலியா? நீ ஏதாச்சும் சொன்னியா?"

"சொன்னேனுங்க நாயனா. சொல்லிப் பதினெட்டு வருஷமாச்சு," என்றாள் அம்மா. திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். கழுத்தில் இரண்டு குண்டுத் தாலியோடு ஒரு பெண். பக்கத்தில் அப்பாவின் மீசையோடு ஒரு மாப்பிள்ளை. வாழைமரம், கிளி, ஆரத்தித் தட்டு, மாவிலைத் தோரணம், காம்பவுண்டுச் சுவர். அம்மா சொன்னது அதில் ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை.

"அது கல்யாணப் படம்தானே கண்ணு," என்றார் தாத்தா. அவர் நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

அவ்வளவு பேர் முன்னால் அவள் கையில் எதுவுமில்லாமல் நின்றாள். நான் உதறிய கை. அப்போது அப்பா எழுந்தார். தாத்தாவின் கையிலிருந்து தட்டை வாங்கினார். வாங்கித் திருப்பிக் கீழே வைத்தார். அக்கா புருஷனைப் பாவா என்பது எங்கள் வழக்கம். பெண் கொடுத்த பிறகும் அப்பா தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

"உட்டுருங்க பாவா. புள்ளைக்கு வேண்டாமாம்," என்றார்.

கோபாலசாமி மாமாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அவர் முதல் ஆளாக எழுந்து பந்தியைக் கவனிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகப் பட்டறைக்குள் போய்விட்டார். அன்றைக்கு லீவு, ஆட்கள் இல்லை. தனியாக ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயந்தரம் தொட்டியடிக்கு வந்து மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்தார். அம்மா துண்டோடு நின்றாள். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன்.

"ராமா, அந்த ஆளு யாரு?" என்றார் அப்பா.

"எந்த ஆளுங்க மாமா?"

"படத்துல. நான் மூஞ்சி வெக்கறதுக்கு முன்னால நின்னுட்டிருந்தானே."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அந்த மனுஷர் எதோடு குடித்தனம் நடத்தினார் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். எனக்கும் அப்போதுதான் அவர் படத்துக்கு நின்ற அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது.

"யாருமில்லீங்க மாமா," என்றாள். "மூஞ்சி எப்படிப் போடறதுன்னு பாய் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஆம்பளை மூஞ்சி ரெண்டுதானுங்க. நாயனா மூஞ்சி, உங்க மூஞ்சி. ரெண்டும் வேண்டாம்னு முதுகைக் காட்டச் சொல்லிப்போட்டேன்."

"யாருமே இல்லியா?"

"இல்லீங்க."

"பொறவு என்னத்துக்கு வேண்டாம்னே?"

"சைக்கிள்ல துண்டு மடிச்சுப் போட்டு உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்களே மாமா. நீங்க எனக்கு அப்பனாட்டம்."

அப்பா சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கையில் கிரீஸ் எப்போதோ போயிருந்தது.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டுருப்பேனே கண்ணு," என்றார்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க."

அப்பா துண்டை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அம்மா கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள்.